டயாலிசிஸ் அறையில் ஒரு ரத்தக்காட்டேரிக் கதை

1. முதல் நாள்

நிர்மலா எங்கள் டயாலிசிஸ் நிலையத்துக்கு முதல்முறை வந்த காலையில், அவள் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அட்டையில் கறுப்பு அங்கி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். உதட்டோரத்தில் ரத்தம்.

நான் அப்போது பீடோங் என்ற சிற்றூரில் இருந்த அந்தச் சின்ன நிலையத்தின் பொறுப்புத் தாதி. அதற்கு முன்னால் அரசாங்க மருத்துவமனையில் இருபது வருடம் வேலை பார்த்திருந்தேன். ஒரு ஷிப்டுக்கு ஆறு நாற்காலி, ஆறு மெஷின். நோயாளியின் கையில் இரண்டு ஊசி போடுவோம். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே வரும், ஃபில்டருக்குள் போய்ச் சுத்தமாகும், மற்றதன் வழியாக உடம்புக்குத் திரும்பும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். சிறுநீரகம் போனவர்கள் இதை வாழ்நாள் முழுக்கச் செய்யவேண்டும். புதிதாக வருபவர்கள் ஊசிக்குக்கூட அவ்வளவு பயப்படமாட்டார்கள். தங்கள் ரத்தம் ட்யூபில் ஓடுவதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் முகம் வெளுத்துவிடும். அப்படிப்பட்ட அறைக்குள் ரத்தம் குடிக்கிறவன் படத்தோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

"அந்தப் புக்கை உள்ள வைம்மா. பக்கத்துல இருக்கிறவங்க பயந்துக்குவாங்க," என்றேன்.

"எனக்குத்தான் பயமா இருக்கு மிஸ்ஸி. அதான் கொண்டாந்தேன்." எங்கள் பக்கத்தில் தாதிகளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பயத்துக்கு யாராவது பேய்க்கதை படிப்பாங்களா?"

"இது ஸ்கூல்ல ஃபார்ம் ஃபோர் படிச்சப்பலேருந்து படிக்கிறேன் மிஸ்ஸி. இதுல இருக்கிற பயம் எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கும், எந்தப் பக்கத்துல முடியும்னு எனக்குத் தெரியும். இந்த மெஷின் அப்படி இல்லையே."

நிர்மலாவுக்கு முப்பத்து நான்கு வயது. சுங்கை பட்டாணியில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ரத்த அழுத்தம் அவளுக்கே தெரியாமல் அவள் சிறுநீரகங்களைத் தின்று முடித்திருந்தது. அன்று பதினேழு கேஜ் என்ற தடித்த ஊசியை நான் போட்டபோது அவள் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் பக்கத்தைவிட்டு அகலவில்லை. அதற்குமேல் அந்தப் புத்தகத்தை உள்ளே வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2. பெருமாள் அண்ணன் கேட்டது

நிர்மலாவுக்குப் பக்கத்து நாற்காலி பெருமாள் அண்ணனுடையது. புக்கிட் செலம்பாவ் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோய் வந்து, கால் விரல் இரண்டு போய், பிறகு சிறுநீரகமும் போனது. அப்போது மூன்று வருடமாக எங்களிடம் வந்துகொண்டிருந்தார். வாய் ஓயாத மனிதர். டி.வி.யில் ஓடும் சமையல் நிகழ்ச்சிக்குக்கூடப் பதில் சொல்வார்.

இரண்டாவது வாரத்தில் அவர் கழுத்தை நீட்டிக் கேட்டார். "என்னாம்மா அது, பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறானே, யாரு அவன்?"

"ரத்தக்காட்டேரி அண்ணே. பெரிய பிரபு. செத்துப் பல நூறு வருஷமாச்சு, ஆனா சாகல. மத்தவங்க ரத்தத்தைக் குடிச்சுக்கிட்டே இருப்பான்."

"நம்ம மெஷின் மாதிரியா?"

"மெஷின் திருப்பிக் குடுத்துடுது அண்ணே. இவன் குடுக்கமாட்டான்."

பெருமாள் அண்ணன் சிரித்த சிரிப்பில் அவர் மெஷினில் பிரஷர் அலாரம் அடித்தது. கையை ஆட்டவேண்டாம் என்று அதட்டிவிட்டு அலாரத்தை நிறுத்தினேன். நான் திரும்புவதற்குள் அவர், "சரி, முதல்லேருந்து சொல்லு," என்று ஆரம்பித்திருந்தார்.

அப்படித்தான் அது தொடங்கியது. நூறு வருடத்துக்கும் மேல் பழமையான, விக்டோரியா காலத்து இங்கிலீஷ் நாவல். நிர்மலா ஒரு பக்கத்தைக் கண்ணால் படித்துவிட்டுத் தமிழில் சொல்வாள். கதை முழுக்க டைரிக் குறிப்பும் கடிதமும் தந்தியுமாக இருந்ததால் எங்கே நிறுத்தினாலும் அடுத்த நாள் தொடர்வது சுலபம். வீடு வாங்கும் பத்திரத்தோடு இளம் வக்கீல் ஒருவன் மலைமேல் இருக்கும் கோட்டைக்குப் போகிறான். விருந்தாளியாகப் போனவன் கைதியாகிறான். பெருமாள் அண்ணன் அதைக் கேட்டு, "கதவைத் தொறந்து உள்ள விடுவானுங்க, அப்புறம் பூட்டுவானுங்க. எங்க பழைய மானேஜரும் அப்படித்தான்," என்றார்.

எதிர் நாற்காலியில் இருந்த பாக் டின், அலோர் ஸ்டார் வழியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மலாய்க்காரர். அதிகம் பேசமாட்டார். பெருமாள் அண்ணன் நிர்மலாவின் தமிழை வாங்கி அவருக்கு மலாயில் சொல்வார். பாக் டின் யோசித்துவிட்டு, "இது நம்ம பொந்தியானாக் பேய் மாதிரிதான். ஆனா எங்க பேய்க்கு இவ்வளவு படிப்பு இல்லை," என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

நான் இதை அனுமதித்ததற்கு ஒரு காரணம் உண்டு. டயாலிசிஸில் மூன்றாவது மணி நேரம் தாண்டியதும் ஆட்கள் பொறுமை இழப்பார்கள். காலில் தசைப்பிடிப்பு வரும். "மிஸ்ஸி, அரை மணி முன்னாடி கழட்டி விடுங்க லா," என்று கெஞ்சுவார்கள். அரை மணி குறைந்தால் அவ்வளவு நீரும் அழுக்கும் உடம்பிலேயே தங்கிவிடும். நிர்மலா கதை சொல்லத் தொடங்கிய பிறகு, திங்கள் புதன் வெள்ளி காலை ஷிப்டில் அந்தக் கெஞ்சல் நின்றுபோனது. ஒரு தாதிக்கு இதைவிட என்ன வேண்டும்?

3. நான்கு பேர் கொடுத்த ரத்தம்

ஒரு வெள்ளிக்கிழமை கதை ஓர் இளம் பெண்ணின் படுக்கையருகே வந்து நின்றது. பிரபு யாருக்கும் தெரியாமல் வந்து அவள் ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போகிறான். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் தன் ரத்தத்தைக் கொடுக்கிறான். போதவில்லை. அவளை விரும்பிய இன்னொருவன் கொடுக்கிறான். பிறகு வயதான டாக்டர், பிறகு நான்காவதாக ஒரு நண்பன். ஒவ்வொரு தடவையும் அவள் கன்னம் சிவக்கிறது, அடுத்த நாள் மறுபடி வெளுத்துவிடுகிறது. கடைசியில் அவள் இறந்துபோகிறாள்.

நான் ஊசியைக் கழற்றும்போது பெருமாள் அண்ணன், "நாலு பேரு ரத்தமும் கடைசியில அவன் வயித்துக்குத்தான் போச்சு, இல்ல மிஸ்ஸி?" என்று கேட்டார்.

"கதைதானே அண்ணே," என்றேன். எடையைப் பார்த்து எழுதினேன். பிரஷர் பார்த்து எழுதினேன். இரண்டும் நன்றாக இருந்தன.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. தைப்பிங்கில் ஒரு சாவு, புதன்கிழமை வந்துவிடுகிறேன் என்று காலையிலேயே போன் செய்தார். சாப்பாட்டிலும் தண்ணீரிலும் கவனமாக இருக்கச் சொன்னேன். புதன்கிழமையும் நாற்காலி காலியாக இருந்தது. ஷிப்ட் முடியும்வரை அவர் போன் அணைந்தே இருந்தது. அவர் மனைவி லெட்சுமி அக்காவை அழைத்தேன். அவர் அதே தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலையில் இருந்தார்.

"என்ன மிஸ்ஸி, தண்ணி மெஷின் சரியாயிடுச்சா?" என்றார் எடுத்ததும்.

"எந்தத் தண்ணி மெஷின்?"

"அங்க தண்ணி சுத்தம் பண்ற மெஷின் கெட்டுப்போச்சு, ஒரு வாரம் வரவேணான்னு நீங்க சொன்னதா சொன்னாரே."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஐந்து நாள். அவருக்குச் சிறுநீரே போகாது. குடித்ததெல்லாம் உள்ளேதான் நிற்கும். பொட்டாசியம் ஏறினால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடும்.

நிர்மலாவுக்கு அப்போதுதான் ஊசி கழற்றிப் பஞ்சு வைத்து அழுத்தியிருந்தேன். அவள் என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "நானும் வரேன்."

"நீ வீட்டுக்குப் போய்ப் படுக்கணும்."

"வெள்ளிக்கிழமை அவரு உங்ககிட்ட கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. கதை சொன்னது நான் மிஸ்ஸி."

சொல்லவிட்டது நான். அதை அவளிடம் சொல்லாமல், கூட வேலை செய்த தாதியிடம் ஷிப்டை ஒப்படைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

4. தோட்டத்து வீட்டில்

பெருமாள் அண்ணன் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் தலையணை போட்டு, அதில் கைகளை ஊன்றி முன்பக்கம் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு விட முடியாதவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். முகம் ஊதியிருந்தது. காலை அழுத்திப் பார்த்தேன், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. லெட்சுமி அக்கா வேலைக்குப் போட்ட பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைவிட என் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதுதான் வேகம். "அண்ணே, எழுந்திரிங்க. பேச நேரமில்லை."

"நான் வரல."

"ஏன்?"

அவர் மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினார். "அந்தக் கதையக் கேட்டதுலேருந்து யோசிச்சேன் மிஸ்ஸி. இவ வாரத்துல மூணு நாளு காலையில பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போகாம என்னை மோட்டார்ல கூட்டிக்கிட்டு அலையறா. மவ மல்லிகாவுக்கு கோலாலம்பூர்ல வேலை கெடைச்சுது, எனக்காக வேணாம்னுட்டா. எல்லார் உயிரும் எங்க போவுது? இந்த ஒடம்புக்குள்ள. நாம எல்லாம் மெஷினத்தான் காட்டேரின்னு சிரிச்சோம். செத்தும் சாகாம, வீட்ல இருக்கிறவங்களைக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது யாரு? நான்தான்."

மூன்று வருடமாக அவர் எடையைக் கிராம் சுத்தமாக எழுதியிருக்கிறேன். மல்லிகா வேலையை வேண்டாம் என்றது எனக்குத் தெரியாது.

லெட்சுமி அக்கா கணவரைப் பார்க்கவில்லை. நிர்மலாவைப் பார்த்தார். "என்ன கதைம்மா அது?"

நிர்மலா நான்கைந்து வாக்கியத்தில் சொன்னாள். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த நாலு பேரு ரத்தம் குடுத்தாங்கன்னியே, அவங்களை யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லக்கா. அவங்களே சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வந்தாங்க."

"அந்தப் பிரபு?"

"அவன் யாரையும் கேக்கமாட்டான். எடுத்துக்குவான்."

அக்கா இப்போதுதான் கணவர் பக்கம் திரும்பினார். "நான் குடுத்தேன். நானா குடுத்தேன். யாரும் என் கழுத்தைக் கடிக்கல. அதைத் திருடினேன்னு சொல்றதுக்கு நீங்க யாரு? மெஷின் கெட்டுப்போச்சுன்னு எங்கிட்டப் பொய் சொல்லி, நான் வேலைக்குப் போயிருக்கிறப்ப, என்னை ஒரு வார்த்தை கேக்காம சாவலாம்னு முடிவு பண்ணீங்களே, அதுதாங்க திருட்டு. இன்னிக்குத்தான் நீங்க அந்த ஆளு மாதிரி நடந்துக்கிட்டீங்க."

அக்கா சத்தம் போடவில்லை. கேட்பவர்களுக்குத்தான் அது சத்தமாக இருந்தது. பெருமாள் அண்ணன் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது, அழுகையா மூச்சுத் திணறலா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு கையை மட்டும் தூக்கினார். அக்கா அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். நானும் நிர்மலாவும் மறுபக்கம் பிடித்தோம். காரில் போகும் வழியெல்லாம் நான் கண்ணாடியில் அவர் உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மருத்துவமனையில் அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். இரண்டாவது நாளும் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். நான் ஒரு மணி நேரம் மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

5. பாதியில் நிறுத்தியது

அடுத்த ஷிப்டிலேயே நிர்மலாவிடம், இனிமேல் அந்தக் கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் வாதாடவில்லை. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். டி.வி. மறுபடியும் ஓடியது. பாக் டின் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாரமே ஒருவர் அரை மணி முன்னால் கழற்றச் சொன்னார்.

பத்து நாள் கழித்துப் பெருமாள் அண்ணன் திரும்பி வந்தார். ஆள் இளைத்திருந்தார். ஊசி போட்டு லைனை மாட்டி முடித்ததும் பக்கத்தில் திரும்பி, "எங்க விட்டோம்?" என்றார். நிர்மலா என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கதை இனிமே இல்ல அண்ணே," என்றேன். "நீங்க பட்டது போதும்."

"நல்லா இருக்கே மிஸ்ஸி. அந்தப் பொண்ணு செத்த எடத்துல நிறுத்திட்டீங்க. அங்கயே நின்னா நான் கடைசி வரைக்கும் அவனாவேதான் இருப்பேன். மேல என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியவேணாமா?"

என் பயத்துக்காகத்தான் கதையை நிறுத்தினேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு எது நல்லது என்று அவரைக் கேட்காமல் நானும் முடிவு செய்திருந்தேன். "சரி, படிம்மா," என்றேன்.

மிச்சக் கதையில் ஓர் இடம் எனக்கு மறக்காது. பிரபுவைப் பிடிக்க ஆண்களெல்லாம் கூட்டமாகத் திட்டம் போடுகிறார்கள். கூட இருந்து எல்லா டைரிகளையும் தட்டச்சு செய்து, தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்ததே வக்கீலின் மனைவிதான். ஆனால், பாவம், பெண், பயந்துவிடுவாள் என்று அவளிடம் மட்டும் எதையும் சொல்லாமல் மறைக்கிறார்கள். அவளைத் தனியாக விட்ட அந்த நாட்களில்தான் பிரபு அவளிடம் வருகிறான்.

நிர்மலா இதைச் சொன்னபோது பெருமாள் அண்ணன் தொடையில் தட்டினார். "இவனுங்களும் என்னை மாதிரிதான்! பொண்டாட்டிக்குத் தெரியவேணான்னு மறைக்கிற ஆம்பளைங்க எல்லா ஊர்லயும் இருக்கானுங்க பாக் டின்!" என்று சொல்லி, அதையே மலாயிலும் திருப்பிச் சொன்னார். பாக் டின் சிரிக்கவில்லை. தன் மகனுக்கு இன்னும் சொல்லாத ஒரு பரிசோதனை முடிவு தன்னிடம் இருப்பதாக அன்று மத்தியானம் என்னிடம் தனியாகச் சொன்னார். மகனைக் கூப்பிட்டு மூவருமாகப் பேசினோம்.

பெருமாள் அண்ணனும் வீட்டில் பேசியிருந்தார். மல்லிகாவிடம் முதல்முறையாக நேரே கேட்டாராம், எனக்காகத்தான் கோலாலம்பூர் வேலையை விட்டாயா என்று. அவள், "உங்களுக்காக இல்லப்பா. அந்த வேலை எனக்குப் பிடிக்கல. நைட் ஷிப்ட் வேற. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சும்மா இருந்தேன்," என்று சொல்லியிருக்கிறாள். அதை எங்களிடம் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஒரு வருஷமா நெஞ்சுக்குள்ள வெச்சு வெந்துக்கிட்டு இருந்தேன் லா மிஸ்ஸி, சும்மாவே!"

கதையின் முடிவில் பிரபுவைக் கொல்கிறார்கள். உடம்பு தூளாகிப் போகிறது. அதற்கு ஒரு கணம் முன்னால் அவன் முகத்தில், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு நிம்மதி தெரிந்தது என்று எழுதியிருக்கிறது. நிர்மலா அந்த இடத்தை இரண்டு தடவை சொன்னாள், பெருமாள் அண்ணன் கேட்டுக்கொண்டதால்.

"பாவம், அவனுக்கும் அலுத்துப் போயிருக்கும்," என்றார் அவர்.

அடுத்த மாதம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். ட்யூபில் ரத்தத்தைப் பார்த்து முகம் வெளுத்தார். பெருமாள் அண்ணனே அவருக்குக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் சொன்னதில் பிரபு பினாங்கில் வந்து இறங்கி, தான் படுத்துறங்கும், சொந்த ஊர் மண் நிரப்பிய பெட்டிகளோடு லாரியில் பீடோங்குக்கு வந்தான். நிர்மலா திருத்தவில்லை.

6. நான் கற்றது

பிறகு நான் அந்த நாவலை நிர்மலாவிடம் இரவல் வாங்கி அகராதியோடு படித்தேன். முடிக்க நான்கு மாதம் ஆனது. இவ்வளவு காலமாக ஏன் ஜனங்கள் இதைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நான் இலக்கியம் படித்தவள் இல்லை. அதில் பிரபு பேசுகிற பக்கங்கள் குறைவு. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று அவன் டைரி எழுதவே இல்லை. மற்ற எல்லோரும் எழுதுகிறார்கள், அவன் மட்டும் எழுதுவதில்லை. அந்தக் காலி இடத்தில் படிக்கிறவர்கள் தங்களிடம் இருப்பதை வைத்துவிடுகிறார்கள். நிர்மலா வைத்தது மெஷினை. பாக் டின் வைத்தது தன் ஊர்ப் பேயை. பெருமாள் அண்ணன் தன்னையே வைத்துவிட்டார். நான் படித்தபோது, அடுத்த அறையில் நோயாளி வெளுத்துக்கொண்டிருக்க, எல்லாம் குறிப்பில் எழுதியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள்தான் எனக்குத் தென்பட்டார்கள். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அவர்களில் ஒருத்தி.

பெருமாள் அண்ணன் அதற்குப் பிறகு இரண்டரை வருடம் வந்தார். ஒரு ஷிப்ட்கூடத் தவறவிடவில்லை. மாரடைப்பில் போனார், லெட்சுமி அக்கா பக்கத்தில் இருந்தார். நிர்மலா இப்போதும் அங்கே போகிறாள். தொழிற்சாலையில் பகல் வேலைக்கு மாற்றிக்கொடுத்ததால் மாலை ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், புதிதாகச் சேர்ந்த தாதிகளுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடை, பிரஷர், ஊசி மாற்றிப் போடும் இடம் எல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு ஒன்று சொன்னேன். நோயாளி கையில் புத்தகம் இருக்கலாம், போனில் நாடகம் ஓடலாம். என்ன கதை என்று கேளுங்கள். "அதில் நீங்கள் யார்?" என்றும் நோயாளியைக் கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் வேறு பேச்சுக்குத் தாவுவார்கள். உடனே அடுத்த நாற்காலிக்குப் போய்விடாதீர்கள். பதில் வருகிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.